டோனாவூர் அம்மையின் கல்லறையில்

திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடி தாண்டியதுமே மேற்கே மலை நெருங்கி வந்துவிடுகிறது. டோனாவூர் வளாகத்துக்குள் போனால் மரங்கள்தான் முதலில் கண்ணில் படும். 1895-ல் இந்தியாவுக்கு வந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல், கோவிலுக்குப் பொட்டுக்கட்டி தேவதாசிகளாக விடப்படவிருந்த சிறுமிகளுக்கு 1901 முதல் அடைக்கலம் கொடுத்த இடம் இது. இங்கே அவர் எல்லோருக்கும் ‘அம்மை’. ஊழியத்துக்கென்று யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று உறுதியாக இருந்தவர்.

1927-ல் கட்டிய ஜெப ஆலயத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு கல்லறைக்குப் போனேன். தலைமாட்டில் கல் நாட்டக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டாராம். அதனால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் வைத்து, அதில் ‘அம்மை’ என்று பொறித்திருக்கிறார்கள். பிறந்த நாள், இறந்த நாள், செய்த சாதனை எதுவும் கிடையாது. தொட்டித் தண்ணீரில் இரண்டு மூன்று சருகுகள் மிதந்தன.

அங்கே நின்றபோது எங்கள் சபையைத்தான் நினைத்தேன். கன்வென்ஷன் கூட்டங்கள், அசனம் என்கிற சபை விருந்து, ஸ்தோத்திரப் பண்டிகை என்று வருஷம் முழுக்க ஓடுகிறோம். பந்தல் பெரிதாகிறது, காணிக்கைக் கணக்கும் ஏறுகிறது. ஆனால் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு குடும்பங்கள் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. கூட்டத்தை நாம் கூட்டிவிடலாம், பாட்டையும் பழக்கிவிடலாம். மன்னிக்கிற மனசை எந்தக் கமிட்டியும் உண்டாக்க முடியாது. “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்” என்று பவுல் எழுதியதை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, விளையச்செய்கிற வேலையையும் நாமே இழுத்துப் போட்டுக்கொள்கிறோம்.

அதற்காகப் பிரயாசமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அம்மை சும்மா இருந்தவர் அல்ல. தமிழை வருந்திக் கற்றார், கிராமம் கிராமமாக அலைந்தார், குழந்தைகளுக்காக ராத்திரி பகல் பார்க்காமல் பயணம் போனார். அப்புறம் 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார்.

எனக்கு அந்த 20 வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது. ஓடுகிற காலத்தில் ஒருவரைத் தாங்குவது அவருடைய சுறுசுறுப்பா, கர்த்தரா என்று வெளியே தெரியாது. படுத்த பிறகு தெரிந்துவிடும். அம்மை கசந்துபோகவில்லை. வலியோடு படுக்கையிலிருந்தே எழுதினார், ஜெபித்தார். அந்தப் படுக்கையில் பிறந்த எழுத்து எத்தனையோ நோயாளிகளைத் தேற்றியிருக்கிறது. வளாகத்து வேலையும் நிற்கவில்லை.

இந்த வருஷம் கன்வென்ஷன் கமிட்டியில் ஒன்று கேட்கப்போகிறேன். ஒரு ராத்திரி பிரசங்கியாரும் மைக்கும் வேண்டாம்; கோவிலில் முழங்காலில் நிற்போம், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்களிடம் போக நேரம் விடுவோம். எங்கள் போதகரான சேகர குரு சம்மதிப்பார் என்றே நம்புகிறேன்.