மெட்டாரில் 12 நாட், ஓடுபாதையில் 26

பயிற்சிக் காலத்தில் வானிலை அறிக்கை என்றால் எனக்குக் கொஞ்சம் அலட்சியம்தான். அன்று காலை கையில் இருந்த மெட்டார், அதாவது விமான நிலையத்தின் வானிலை அறிக்கை, இப்படி: 24012கேடி 9999 ஃபியூ030 29/23 கியூ1008. காற்று 240 டிகிரியிலிருந்து 12 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), பார்வைத் தூரம் 10 கிலோமீட்டருக்குக் குறையாது, 3000 அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மேகம். ஓடுபாதை 21. அதாவது 210 டிகிரியை நோக்கி இறங்கப் போகிறோம், காற்று 30 டிகிரி தள்ளி வருகிறது, பக்கக்காற்று 6 நாட். சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ஓடுபாதைக்கு நேராக இறங்கிக்கொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டு டவர் சொன்ன காற்று: 270 டிகிரி, 17 நாட், வீச்சு 26, அதாவது நடுநடுவே 26 வரை திடீரென்று அடிக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் நான் கணக்குப் போட வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கணக்குக்கு ஒரு சுலபமான வழி உண்டு, கடிகார முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே உள்ள கோணத்தை நிமிடமாக நினைக்க வேண்டும். 15 டிகிரி என்றால் கால் மணி, காற்று வேகத்தில் கால் பங்கு பக்கவாட்டில் தள்ளும். 30 என்றால் அரைப் பங்கு, 45 என்றால் முக்கால், 60ஐத் தொட்டுவிட்டால் முழுசாக எடுத்துக்கொள்ளலாம். சைன் அட்டவணையைப் பார்த்தால் 60 டிகிரிக்கு 0.87தான் வரும், ஆனால் இறங்கும் நேரத்தில் யார் அட்டவணை பார்ப்பது, கூட்டிச் சொல்லும் தவறு நமக்கு நல்லதுதான். எனக்கு அன்று கோணம் 60. ஆக 17 நாட் பக்கக்காற்று, வீச்சு வந்தால் 26. துல்லியமாகப் போட்டாலே வீச்சுக்கு 22க்கு மேல் வருகிறது. நாங்கள் ஓட்டிய செஸ்னா 172க்கு, சோதனையில் செய்து காட்டிய பக்கக்காற்று என்று கையேட்டில் இருப்பது 15 நாட். அது சட்ட வரம்பு இல்லை என்று வாதாடலாம். மொத்தமே சில பத்து மணி நேரம் பறந்தவன் அந்த வாதத்தை வைக்கக் கூடாது.

மெட்டார் பொய் சொல்லவில்லை, நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. பெரும்பாலான நாடுகளில் அதிலுள்ள காற்று, கடந்த 10 நிமிடத்தின் சராசரி. அமெரிக்காவில் 2 நிமிடம். டவர் சொல்வதும் 2 நிமிடச் சராசரிதான். அறிக்கை அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறைதான் வருகிறது, நடுவில் நிலைமை நன்றாகவே மாறினால் மட்டும் சிறப்பு அறிக்கை. இதைவிட நுணுக்கமான விஷயம் ஒன்று. வீச்சு சராசரியைவிட 10 நாட்டாவது அதிகமாக இருந்தால்தான் ‘ஜி’ போட்டு எழுதுவார்கள் என்பது சர்வதேச விதி. அப்படியானால் வெறும் 12 என்ற எண்ணுக்குள் 21 வரைக்கும் வீசும் காற்று சத்தமில்லாமல் ஒளிந்திருக்கலாம். ‘ஜி’ இல்லை என்றதும் காற்று சீராக இருக்கிறது என்று நினைத்தேனே, அதுதான் என் தப்பு.

திசையிலும் ஒரு பொறி உண்டு. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதுதான் அதன் திசை. நமக்கு இது புதிதில்லை, தெற்கிலிருந்து வருவதைத்தானே தென்றல் என்கிறோம், வடக்கிலிருந்து வருவதை வாடை என்கிறோம். பொறி அங்கே இல்லை, எந்த வடக்கு என்பதில் இருக்கிறது. மெட்டாரில் எழுதுவது உண்மை வடக்கை, அதாவது வட துருவம் இருக்கும் திசையை வைத்து. டவர் வாயால் சொல்வதும் ஓடுபாதையின் எண்ணும் காந்த வடக்கை, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கை வைத்து. கண்ணால் படித்தால் உண்மை, காதால் கேட்டால் காந்தம் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டு வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரி உள்ள இடத்தில் இதை மறந்தாலும் ஒன்றும் ஆகாது. 20 டிகிரி வித்தியாசம் உள்ள இடத்தில் மறந்தால், 6 நாட் என்று போட்ட பக்கக்காற்று 9 ஆகவோ 2 ஆகவோ மாறிவிடும்.

பின்காற்றை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன். அதே செஸ்னா கையேட்டைப் பாருங்கள்: 9 நாட் எதிர்காற்று இருந்தால் தரையிறங்கும் தூரத்தில் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் வெறும் 2 நாட் பின்காற்றுக்கே 10 சதவீதம் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கைக் கையில் எழுதிப் பார்த்த பிறகு, ‘லேசான பின்காற்றுதானே’ என்று என் வாயில் வருவதில்லை.

அன்றைய கதைக்கு வருகிறேன். இறங்காமல் முழு பவர் கொடுத்து மேலே ஏறினேன். வட்டமடிக்கும்போதுதான் பயிற்சியாளர் வாயைத் திறந்தார்.

“ஏம்ப்பா, இந்த விமான நிலையத்தில் எத்தனை ஓடுபாதை?”

“ரெண்டு, சார்.”

“இன்னொன்று எது?”

27. காற்று 270. டவரிடம் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். மூக்குக்கு நேரே காற்று, வீச்சுக்காக வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு இறங்கினேன். ஓரமாக நின்ற காற்றுப்பை விறைத்துப் போய் எங்களையே பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது, 15 நாட்டிலேயே முழுதாக நிமிர்ந்துவிடும் வகை அது, அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.