எரு அடித்த தோட்டத்தில் முதலில் மாறியது

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்களுக்குச் செம்மண் தோட்டம் ஒன்று இருக்கிறது. தக்காளியும் சின்ன வெங்காயமும் அதில் மாறி மாறி வரும். ஐந்து ஆண்டுகளாக அங்கே தொடர்ந்து தொழு உரம், அதாவது மக்கிய மாட்டுச் சாண எரு, இட்டு வருகிறேன். விளைச்சல் எவ்வளவு கூடியது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது விளைச்சல் அல்ல, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிய விதம்.

முன்பெல்லாம் ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேல்மண் ஓடு போல இறுகிவிடும். அடுத்த மழைநீர் உள்ளே போகாமல் பாத்தியின் கடைசிவரை ஓடி வரப்பில் தேங்கும். மூன்றாம் ஆண்டில் அந்த இறுக்கம் தளர்ந்தது. மக்கிய எருவை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் மணலையும் களிமண்ணையும் சிறு சிறு குருணைகளாகப் பிணைக்கின்றன. குருணைகளுக்கு இடையே உள்ள துளைகளில் காற்றும் நீரும் தங்குகின்றன. கோடையில் பாசன இடைவெளியை ஒரு நாள் தள்ளிப்போட முடிந்தது இதனால்தான்.

சத்துக் கணக்கை மட்டும் பார்த்தால் தொழு உரம் ஏமாற்றமாகவே தெரியும். ஏக்கருக்கு 10 டன், அதாவது ஹெக்டேருக்கு 25 டன் இடச் சொல்கிறார்கள். எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 0.5 சதவீதம் என்று கொண்டால் 10 டன்னில் 50 கிலோ இருக்கும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் பருவத்துப் பயிருக்குக் கிடைக்கும், மீதி மெல்ல மெல்ல வெளிவரும். யூரியாவை நிறுத்திய முதல் ஆண்டிலேயே பழைய விளைச்சலை எதிர்பார்ப்பவர்கள் மனம் உடைந்து போவது இந்தக் கணக்கை அறியாததால்தான். நானும் ஒரேயடியாக நிறுத்தவில்லை. ஆண்டுக்கு ஆண்டு குறைத்தேன்.

நான் செய்த பெரிய தவறு தென்னை நார்க்கழிவு. மலிவாகக் கிடைத்தது, ஈரம் காக்கும் என்றார்கள். மக்க வைக்காமல் அப்படியே கொட்டி உழுதேன். இருபது நாளில் தக்காளி நாற்று முழுவதும் வெளிறிப்போயிற்று. பச்சை நார்க்கழிவில் கரிமச்சத்து தழைச்சத்தைப் போல 100 மடங்குக்கும் மேல் இருக்கிறது. அதைச் சிதைக்க முற்படும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் பயிர் பட்டினி கிடக்கும். பச்சைச் சாணத்தில் வேறு தொல்லை: களை விதையும் வெள்ளைப் புழுவும் கூடவே வந்து சேரும். அதனால் இப்போது எருக்குழிக்குள் கையை விட்டுப் பார்க்காமல் வண்டி ஏற்றுவதில்லை. சூடு அடங்கி, சாண வாடை போய், உதிரியாக இருந்தால்தான் தோட்டத்துக்கு வரும்.

கோழி எருவையும் எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். சத்து மிகுந்தது, ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் அதையே நம்பினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். இயற்கை உரம் என்பதற்காக எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்று சந்தையில் பேசுவதை நான் ஏற்பதில்லை. வேப்பம் புண்ணாக்கை மட்டும் தவறாமல் இடுகிறேன். தழைச்சத்து விரைவில் வீணாகாமல் தடுப்பதோடு, தக்காளி வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவையும் அது ஓரளவு கட்டுப்படுத்துகிறது.

மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய பொருள்களிலிருந்து மண்ணில் சேரும் கரிமச்சத்து, 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதுவார்கள். எங்கள் மண் அந்த அளவை இப்போதுதான் தாண்டியிருக்கிறது. நம் வெயிலில் கரிமம் வேகமாக எரிந்துபோகும். அடிக்கடி உழுதால் இன்னும் வேகம். ஆகவே உழவைக் குறைத்திருக்கிறேன். வெங்காயம் எடுத்த நிலத்தில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து முப்பது நாள் ஆகிறது. பூ எடுக்கும் தறுவாயில், தண்டு முற்றுவதற்குள் மடக்கி உழ வேண்டும் என்பதால் டிராக்டர்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.