தோளில் வைத்த கை

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். கிரிக்கெட் அணியைப் பற்றியும் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். என் மனம் போய் நிற்கும் இடம் பிரதான மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடி. 1984இல் நான் ஆண்டு ஒன்பது. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலரைக்கு அந்த மரத்தடியில் கராத்தே வகுப்பு. படிப்பித்தவர் எங்கள் தமிழ் ஆசிரியர். அந்தக் காலத்தில் படித்தவர்களுக்குச் "சேர்" என்றாலே யார் என்று விளங்கும்.

அவர் சொல்லித் தந்தது கோஜூ-ரியூ என்ற கராத்தேப் பாணி. ஜப்பானியத்தில் 'கோ' என்றால் வன்மை, 'ஜூ' என்றால் மென்மை. முதல் நாளே கரும்பலகையை மரத்தில் சாய்த்து வைத்து, "கோ வல்லினம், ஜூ மெல்லினம். ரெண்டுக்கும் இடையில மூச்சு, அது இடையினம்" என்றார். நாற்பது வருடத்தில் எத்தனையோ விளக்கங்கள் கேட்டுவிட்டேன். இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கதா என்னும் அசைவுக் கோவைகள் இந்தப் பாணியில் பன்னிரண்டு. உயிரெழுத்தும் பன்னிரண்டு என்பதால் எங்களுக்கு அந்த எண் மறக்கவே இல்லை.

பிறகு இந்தப் பாணியின் ஆசிரியர் பரம்பரையாக மூன்று பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். ரியூ ரியூ கோ. ஹிகாஓன்னா கன்ரியோ. மியாகி சோஜூன். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, பெயர் எழுதாமல் விட்டார். தான் கொழும்பில் ஒருவரிடம் பழகியதை அவர் மறைத்ததில்லை. ஆனாலும் அந்த மூன்று பெயரோடு தன் பெயரைச் சேர்த்து எழுத அவர் ஒருநாளும் துணியவில்லை.

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை எனக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. கன்ரியோ 1853இல், இன்றைய ஜப்பானின் தென்தீவான ஒகினாவாவின் நாஹா துறைமுகத்தில் பிறந்தவர். தகப்பனுக்குப் படகில் விறகு ஏற்றி விற்கும் தொழில். இளம் வயதில் கப்பலேறிச் சீனாவின் ஃபூசோ நகருக்குப் போய், அங்கே ரியூ ரியூ கோவிடம் வருடக்கணக்காகப் பயின்று திரும்பினார். அந்தச் சீன ஆசிரியர் உண்மையில் யார், அவர் பெயரைச் சீனத்தில் எப்படி எழுதுவது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் பிணக்கு உண்டு. பரம்பரையின் முதற் பெயரே மங்கலாக இருப்பது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. நம் சித்தர் மரபிலும் முதல் ஆளைத் தேடிப் போனால் கதைதான் கிடைக்கும்.

கன்ரியோ கொண்டுவந்ததில் உயிரானது சான்சின் என்ற கதா. பெயருக்கு மூன்று போர் என்று பொருள். பார்ப்பவருக்கு அதில் ஒன்றுமே இருக்காது. பாதங்களை உள்நோக்கித் திருப்பி, முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, நத்தை வேகத்தில் சில அடி நடை, சில குத்து, சத்தமாக ஒரு மூச்சு. செய்பவருக்கு மூன்றாவது அடியிலேயே தொடை நடுங்கும். நாங்கள் இதைச் செய்யும்போது சேர் பின்னால் வந்து நிற்பார். இரண்டு உள்ளங்கையாலும் தோள் இரண்டிலும் ஓங்கி ஒரு தட்டு. பிறகு அந்தக் கை விலாப்புறமாக வழுகிக் கீழே இறங்கும். எங்கே தசை தளர்ந்திருக்கிறதோ அங்கே நிற்கும். தொடையில் ஒரு தட்டு, அடிவயிற்றில் ஒரு அமத்தல். இதற்கு ஷிமே என்று பெயர். என் இடது தோள் எப்போதும் உயர்ந்தே நிற்கும். "தம்பி, மூச்சை நெஞ்சில வைச்சிருக்கிறீர். அதுதான் தோள் ஏறுது. கீழ இறக்கும்." நாளுக்கு நாலு தரம் இதைக் கேட்டிருப்பேன். சுண்ணக்கட்டித் தூள் ஒட்டிய அந்தக் கை என் வெள்ளைச் சட்டையில் பதிந்துபோன நாட்களும் உண்டு. அம்மா தோய்க்கும்போது கேட்பார்.

உபகரணங்களை வாங்க வழியில்லை. பால்மா ரின்னுக்குள் சீமெந்து குழைத்து ஊற்றி, நடுவில் மண்வெட்டிப் பிடியை நட்டுக் காய வைத்தால் சீஷி தயார். மணிக்கட்டுக்கும் தோளுக்கும் அதுபோல வேறு பயிற்சியில்லை. விரல்நுனியால் வாயைப் பற்றித் தூக்கி நடக்கும் ஜாடிகளுக்குப் பதிலாகக் கள்ளு முட்டிகளில் மணல் நிரப்பினோம். பிற்காலத்தில் நாஹாவில் அசல் ஜாடிகளைப் பார்த்தபோது, கழுத்து அகலம் எங்கள் முட்டியின் அளவாகவே இருந்தது.

கன்ரியோவிடம் 1902இல், பதினாலு வயதில் சேர்ந்தவர் மியாகி சோஜூன். வசதியான வீட்டுப் பிள்ளை. குரு 1915இல் காலமாகும்வரை அவரை விட்டு விலகவில்லை. குரு பயின்ற இடத்தைத் தேடி ஃபூசோவுக்கும் போய்வந்தார். சான்சினுக்குத் துணையாக, திறந்த கையால் வட்டமாகச் சுழலும் டென்ஷோ என்ற கதாவை உருவாக்கியவர் இவர்தான். அது மெல்லினம் என்றால் மெல்லினம்.

பாணிக்குப் பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1930இல் மியாகியின் முதன்மை மாணவர் ஷின்சாத்தோ ஜின்ஆன் டோக்கியோவில் செய்து காட்டியபோது, இது என்ன பாணி என்று ஒருவர் கேட்டார். ஒகினாவாவில் அப்போது அதற்குத் தனிப்பெயர் கிடையாது. நாஹா ஊர்க் கை, நாஹா-தே என்றுதான் சொல்வார்கள். ஊர் திரும்பி ஆசிரியரிடம் சொன்னார். மியாகி, தாங்கள் போற்றிவந்த பூபிஷி என்ற பழைய சீனச் சுவடியைப் புரட்டினார். மூச்சை உள்ளே இழுப்பதிலும் வெளியே விடுவதிலும் வன்மையும் மென்மையும் இருக்கின்றன என்ற கருத்தில் ஒரு வரி அதில் உண்டு. அங்கிருந்து எடுத்ததுதான் கோஜூ. குருவின் பெயரை வைக்கவில்லை, தன் பெயரையும் வைக்கவில்லை. சேர் வெறுங்கோடு இழுத்தது ஏன் என்று இந்தக் கதையைக் கேட்ட அன்றுதான் எனக்கு விளங்கியது.

நாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கராத்தே முதலில் பூட்டிய முற்றங்களுக்குள் சொல்லிக்கொடுக்கப்பட்ட வித்தை. பள்ளிக்கூடத்தின் வழியாகத்தான் அது ஊருக்குப் பொதுவானது. 1901இல் இத்தோசு அன்கோ என்ற கராத்தே ஆசான் ஒகினாவாவின் ஷூரியில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை அறிமுகப்படுத்தினார். சில ஆண்டுகளில் கன்ரியோவும் நாஹா வணிகப் பாடசாலையில் கற்பித்தார். நாங்கள் வேப்பமரத்தடியில் முதன்முதல் பழகிய கெகிசாய் என்ற கதாவை மியாகி 1940இல் ஆக்கியதும் இளம் மாணவர்கள் எளிதில் பழகுவதற்காகவே. எங்கோ ஒரு தீவில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை எங்களுக்கும் பொருந்தியது.

அதன் பிறகு போர். 1944 ஒக்டோபர் 10ஆம் திகதி விமானக் குண்டுவீச்சில் நாஹா நகரின் பெரும்பகுதி எரிந்தது. அடுத்த ஆண்டு ஒகினாவாச் சண்டையில் ஷின்சாத்தோ இறந்தார். தன் கலை முழுவதையும் ஒப்படைக்க மியாகி நினைத்திருந்த மாணவர் அவர். மியாகி பிள்ளைகளையும் பறிகொடுத்தார். சேர்த்து வைத்த குறிப்புகளும் போயின. 1981இல் நூலகம் எரிந்த யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்ததும் அந்த மனிதர் பொலிஸ் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தார். தன் வீட்டு முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ், மிஞ்சிய சிலரைச் சேர்த்து மறுபடியும் சான்சினிலிருந்து தொடங்கினார். 1953இல் அவர் மறையும்வரை அந்த முற்றமே தோஜோ என்னும் பயிற்சிக்கூடம்.

அவருக்குப் பின் கிளை பல. ஹிகா செக்கோ, யாகி மெய்தோக்கு, தொகுச்சி செய்கிச்சி என ஒவ்வொருவரும் ஒவ்வொரு தோஜோ. மியாசாத்தோ எய்இச்சி நாஹாவில் ஜுன்டோகான் என்ற தோஜோவைக் கட்டினார். சோஜூனின் மாணவர் மியாகி அன்இச்சியிடம் பழகிய ஹிகாஓன்னா மோரியோ 1979இல் உலக அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். ஜப்பான் பெருநிலத்தில் யமகுச்சி கோகென் தனி வழி கண்டார். உண்மையான வாரிசு யார் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. அதில் எனக்கு நாட்டமில்லை. ஒரே முற்றத்தில் ஒரே கையால் தட்டு வாங்கியவர்களில் ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல நான் யார்?

புலம்பெயர்ந்து வந்த புதிதில் நான் சேர்ந்த ஒரு கழகத்தில் நாலு மாதத்துக்கு ஒரு இடுப்புப் பட்டி, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். சான்சினில் என் தோளை ஒருவரும் தொட்டதில்லை. ஒன்றரை வருடத்தில் விலகினேன். அந்த நாட்களில்தான் சேர் காலமான செய்தி வந்தது.

2018இல் நாஹாவுக்குப் போனேன். மட்சுயாமா பூங்காவில் கன்ரியோவுக்கும் மியாகிக்கும் நினைவுக்கல் நிற்கிறது. பக்கத்திலேயே வணிக உயர்நிலைப் பள்ளி. நான் போன நேரம் பள்ளி விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் கலைந்துகொண்டிருந்தார்கள். கல்லின் முன் வெகுநேரம் நின்றேன். கையில் கொண்டுபோயிருந்த வேப்பிலையை அடியில் வைத்தேன்.

அன்று மாலை ஒரு சிறிய தோஜோவில் பழக அனுமதி தந்தார்கள். ஆசிரியருக்கு எண்பதை நெருங்கும் வயது, குட்டையான மனிதர். எனக்கு ஜப்பானியம் வராது, அவருக்கு ஆங்கிலம் வராது. சான்சின் தொடங்கினோம். மரத்தரை காலுக்குக் குளிர்ந்தது. இரண்டாம் அடியில் பின்னால் ஆள் வந்து நிற்பது தெரிந்தது. தோள் இரண்டிலும் ஓங்கி ஒரு தட்டு. வலது கை விலாவில் வழுகி இறங்கிவிட்டது. இடது கை மட்டும் தோளிலேயே நின்று, மெல்லக் கீழே அமத்தியது. "கதா" என்றார். கோவையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் மொழியில் தோளுக்கும் அதே ஒலிதான் என்று பிறகு ஒரு பையன் சொன்னான்.

மூச்சைக் கீழே இறக்கினேன். கை எடுபட்டது.