மூன்று மணிப் போட்டி

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் உதைபந்தாட்டப் போட்டியை இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்க்க முடியாது. 2.45 முதல் 5.15 வரை நேரடி ஒளிபரப்புக்குத் தடை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றால் சின்னக் கழகங்களின் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயத்தில் 1960களில் தொடங்கிய ஏற்பாடு அது. திருகோணமலையில் இருக்கிற என் மாமாவுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே அப்போது இரவு ஏழரை; இங்கே குளிர்காலமானால் எட்டரை. உப்புவெளி வீட்டில் புட்டும் மீன்குழம்புமாக டிஷ்ஷுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். லெஸ்டர் அணியின் மைதானம் இருக்கும் அந்த ஊரிலேயே குடியிருக்கிற எனக்கு, கோல் விழுந்த செய்தி உப்புவெளியிலிருந்துதான் வந்து சேரும். வானொலி இருக்கிறதே என்பீர்கள். வந்த புதிதில் வானொலிக்காரரின் வேகத்தில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது.

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்த எனக்கு விளையாட்டு புதிதல்ல. விதிகள் அங்கும் இங்கும் ஒன்றுதான். புதிதாக இருந்தது பேச்சு. வேலைத்தலத்தில் திங்கட்கிழமை காலைத் தேநீர் நேரம் முழுவதும் பந்துதான். காலநிலையும் பந்தும் தெரியாதவன் இந்த ஊரில் யாரோடும் ஐந்து நிமிடம் நின்று கதைக்க முடியாது. காலநிலையை ஒரு வாரத்தில் படித்துவிடலாம், மழை என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஓப்சைட்தான் கடினம் என்கிறார்கள். மாமா அதை எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருந்தார். "வாங்குகிறவனைப் பார்க்காதே மருமகன், கொடுக்கிறவனின் காலைப் பார்." பந்து அந்தக் காலைவிட்டுப் புறப்படும் கணத்தில் நம்மவன் எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நிற்கக் கூடாது. கடைசி ஆள் அநேகமாகக் கோல் காப்பாளர் என்பதால் நாம் தடுப்பாட்டக்காரரை மட்டும் பார்த்துப் பழகிவிடுகிறோம். காப்பாளர் முன்னே ஓடி வந்துவிட்ட நேரத்தில்தான் அந்தப் பழக்கம் காலை வாரும். சமமாக நின்றால் குற்றமில்லை. கோணர் கிக், த்ரோ, கோல் கிக் இவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஓப்சைட்டே கிடையாது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் 2019ஆம் ஆண்டு வி.ஏ.ஆர் என்ற காணொளி உதவி நடுவர் முறை வந்த பிறகு, திரையில் கோடு கீறித் தோளையும் முழங்காலையும் அளக்கிறார்கள். கை கணக்கில் வராது. அக்குள் மட்டத்துக்கு மேலே இருப்பது தோள், அது கணக்கில் வரும். மாமாவுக்கு இந்த அளவெடுப்பு அறவே பிடிக்காது. கொண்டாடி முடித்த கோலைத் திருப்பி எடுப்பது பந்தியில் இருந்தவனை எழுப்பிவிடுவது போல என்பார்.

ஓர் ஆகஸ்டில் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தபோது அந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் இருந்தேன். அயல் வீட்டுப் பையன்கள், மாமாவோடு முன்பு விளையாடிய கிண்ணியாக்காரர் என்று விறாந்தை வரை ஆட்கள். தொண்ணூறு நிமிடம் முடியும் நேரம் நான்காவது நடுவர் பலகையைத் தூக்கினார்: 7. "எக்ஸ்ட்ரா டைம்!" என்று ஒரு பையன் கத்தினான். கிண்ணியாக்காரர் விடவில்லை. காயம், ஆள் மாற்றம், கோல் கொண்டாட்டம் என்று வீணாய்ப் போன நேரத்துக்கு ஈடாகத் தருவது இது. நடுவர் இதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. எக்ஸ்ட்ரா டைம் என்பது ஒருவர் வெளியேறியே ஆகவேண்டிய போட்டி சமநிலையில் நின்றால் தரப்படும் இரண்டு பதினைந்து நிமிடங்கள். லீக் போட்டியில் அதற்கு வேலையே இல்லை, ஆளுக்கொரு புள்ளியோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். லண்டன்காரர் என்று என்னை அழைத்துக்கொண்டிருந்த பையன்கள் அதன் பிறகு கேள்விகளையெல்லாம் அவரிடமே கேட்டார்கள். லெஸ்டர் லண்டனில் இல்லை என்பதைச் சொல்லவும் எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தரமிறக்கம் என்பதன் வலியை மட்டும் இங்கே வந்துதான் அறிந்தேன். ஊரில் எங்களுக்கு மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல். அட்டவணையின் அடிப்பக்கத்தை யார் பார்த்தார்கள்? இருபது அணிகளில் கடைசி மூன்றும் கீழ்ப் பிரிவுக்குப் போகவேண்டும். லெஸ்டர் 2016இல் சாம்பியன், 2023இல் கீழே, 2024இல் மேலே, 2025இல் மறுபடி கீழே. என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் அட்டவணை எழுதி, 17க்கும் 18க்கும் நடுவில் மட்டும் தடித்த கோடு கீறுவார். அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் இரண்டு அணிகள் மோதினால் அது "ஆறு புள்ளிப் போட்டி". வெற்றிக்கு மூன்று புள்ளிதானே? ஆம், 1981 முதல் இங்கே அப்படித்தான். ஆனால் நமக்கு மூன்று சேர்கிறபோது பக்கத்தில் நிற்பவனுக்கு அந்த மூன்று இல்லாமல் போகிறது. தோற்றிருந்தால் அவன் மூன்று முன்னே, வென்றால் நாம் மூன்று முன்னே, இடையில் ஆறு. அதை விளக்கிவிட்டு அந்தப் பெட்டியையே பொருட்களோடு அனுப்பிவிடுவார்.

அணி கீழே போனதும் மாமாவின் டிஷ்ஷிலும் லெஸ்டர் வருவது நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் நான் டிக்கெட் வாங்கி மைதானத்துக்குப் போகத் தொடங்கினேன். தடை போட்டவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தானே. இப்போது நேர்முக வர்ணனை என்னிடமிருந்து உப்புவெளிக்குப் போகிறது. எதிரணி பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் குவிந்து நின்ற ஒரு நாள், பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று கூட்டம் திட்டியதை மாமாவுக்குச் சொன்னேன். 2004இல் செல்சியை டொட்டன்ஹாம் இப்படி முடக்கியபோது செல்சியின் பயிற்சியாளர் மொரின்யோ சொல்லிப் பரவிய பேச்சு அது. "பஸ்ஸா? கிண்ணியாக்காரர்களுக்கு எதிராக நாங்கள் லொறியே நிறுத்தினோம்" என்றார்.

2025 ஜூலையிலிருந்து காப்பாளர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர் கிக். கடைசி ஐந்து விநாடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுகிறார். முன்பு ஆறு விநாடி என்று சட்டம் இருந்தும் எவரும் எண்ணியதில்லை. இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நம்முடைய பழைய கோலியை வைத்துக்கொண்டு ஒரு போட்டிக்கு இருபது கோணராவது கொடுத்திருப்போம்" என்றார்.