மகனின் மாற்றுத்திறன் சான்றைப் புதுப்பித்த அனுபவம்

என் மகனுக்கு அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உண்டு. ஐந்து வயதுக்கு முன் அவனுக்குக் கிடைத்த சான்று தற்காலிகமானது, பின்னர் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனால் மறுமதிப்பீட்டுக்கான தேதி கடந்துவிட்டால், அரசின் சேவைகளுக்கான பட்டியல்களிலிருந்து அவன் விடுபட்டுப்போவான் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இணையத்தில் விண்ணப்பித்தது எளிதாகவே முடிந்தது. குறைபாட்டை மதிப்பிட்டுச் சான்று தரும் மருத்துவக் குழு கூடும் நாளன்று சென்றபோதுதான் சிக்கல் தொடங்கியது. அன்று உளவியலாளர் விடுப்பு. காலையிலேயே அதை அறிந்திருந்த ஊழியர், கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாத ஒரு குழந்தையுடன் வந்திருந்த எங்களை மதியம் வரை காக்க வைத்துவிட்டே அதைச் சொன்னார். அடுத்த முறை சென்றபோது, பிறப்புச் சான்றில் முன்னெழுத்தும் ஆதாரில் தந்தை பெயர் முழுமையாகவும் இருப்பதைக் காட்டி, "ரெண்டுலயும் பேரு ஒரே மாதிரி இருக்கணும், சரி பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். முதல் நாளே அதே தாள்களைப் புரட்டிப் பார்த்தவரும் அவர்தான். ஆகவே, புறப்படும் முன்பே எல்லா ஆவணங்களிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மதிப்பீடு செய்பவர் அன்று வருகிறாரா என்பதையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தம்ளரில் தானே தண்ணீர் குடிப்பானா, சட்டைப் பொத்தானைப் போடுவானா என்று பெற்றோரிடம்தான் கேட்பார்கள். 'எல்லாம் செய்வான்' என்று சொல்லத்தான் பெற்ற மனம் துடிக்கும். என் மனைவி "போட்டுக்குவான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மகன் பொத்தானை இரண்டு முறை திருகிப் பார்த்துவிட்டு, அம்மா போட்டுவிடட்டும் என்று மோவாயை உயர்த்தி நின்றான். அந்த உளவியலாளர் பொறுமையானவர். "யாரும் கைகொடுக்காம அவனா செய்யறத மட்டும் சொல்லுங்கம்மா" என்று திருத்தினார். இதை எல்லாப் பெற்றோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தாலும், பெரும்பாலான பயன்களுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்பதே வாசற்படி. செய்யாததையும் செய்வான் என்று சொல்லிவிட்டால் அந்த அளவை எட்டாமல் போகலாம். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அந்த அளவுதான் கேட்கப்படுகிறது.

சான்று கைக்கு வரும்வரை பட்ட பாடு வேறு. குழந்தைகளின் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் அவன் பெற்ற பயிற்சிகளின் பதிவு மருத்துவத் துறையிடம் இருந்தது. பள்ளியில் சேர்ந்த விவரம் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருந்தது. உதவித்தொகை மனுவோ இன்னொரு அலுவலகத்தில் 'செல்லத்தக்க சான்று இல்லை' என்ற குறிப்போடு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மூன்று இடத்திலும் இருப்பது ஒரே குழந்தைதான் என்பதை நாங்களே நகல்களைச் சுமந்துசென்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எத்தனை சிறப்புப் பயிற்றுநர்கள் வேண்டும், எங்கே பயிற்சி மையம் வேண்டும் என்று அரசு திட்டமிடுவது இத்தகைய பட்டியல்களை வைத்துத்தான் என்றால், சான்று காலாவதியான குழந்தைகளின் தேவை அந்தத் திட்டத்துக்குள் எப்படி வரும்? மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு அரசின் 'உரிமைகள்' திட்டக் கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வந்த களப்பணியாளர், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இல்லாதபோதும் எங்கள் விவரங்களைப் பொறுமையாகக் கேட்டுப் பதிந்துகொண்டார். அந்த அக்கறை அலுவலக மேசைகளிலும் இருந்திருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

பள்ளியில் மட்டும் வென்றோம். சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடலாமே என்று சொன்னவர்களிடம், 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது என்பதை அச்சிட்டுக் கொடுத்தேன். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.

சான்று முடிய மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். எந்த மனுவுக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். புதிய சான்று வந்ததும் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை இல்லாமலே மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். எங்கள் உதவித்தொகை மனு இப்போது மீண்டும் பரிசீலனையில் இருக்கிறது. இம்முறை ஒப்புகை எண் எங்கள் கையில் இருக்கிறது.