கொள்ளுத்தாத்தாவின் உயிலைத் தேடி எட்டு மாதங்கள்

எங்கள் கொள்ளுத்தாத்தா, காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரின் முன்சீப் கோர்ட்டில் (கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில்) பிளீடராக, அதாவது வக்கீலாக, இருந்தவர். அதே ஊரில் ஒரு நிதியை, அதாவது மக்களிடம் பணம் சேர்த்துக் கடன் கொடுக்கும் நிறுவனத்தை, தொடங்கி, அதன் செயலாளராகப் பல ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவரும் அவரே. அவர் சேர்த்த நிலத்தையெல்லாம் என் தாத்தா விற்று அழித்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை. அது உண்மைதானா என்று அறிய எனக்கு எட்டு மாதங்களும் பதினொரு பயணங்களும் தேவைப்பட்டன. அவற்றில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம்.

வக்கீலின் வரலாறு வழக்கறிஞர் பட்டியலில் இருக்கும் என்று எண்ணி அங்கே தொடங்கியது என் தவறு. கீழ்க் கோர்ட்டுப் பிளீடர்கள் 1879-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சன்னது (தொழில் நடத்தும் உரிமம்) பெற்றவர்கள். இன்றைய பார் கவுன்சில் பட்டியலோ 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இடையில் இறந்துபோன ஒருவரை அதில் தேடிப் பயனில்லை. அவருடைய வாழ்க்கை முழுவதும் பத்திரப்பதிவு அலுவலகத்தில்தான் இருந்தது. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தால், சாதாரண அடமானப் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆகவே அந்த நிதி நில ஈட்டின் பேரில் கொடுத்த ஒவ்வொரு கடனும் அங்கே ‘1-ஆம் புத்தகத்தில்’ எழுதப்பட்டிருக்கிறது.

முதல் நாளே வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். இன்றைய சர்வே எண்ணைக் கொடுத்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை சென்றபோது, எல்லை பிரிக்கப்பட்டதால் பழைய புத்தகங்கள் இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேறோர் அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். முதல் நாளே அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அங்கே போனால், எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணைப் புத்தகத்தை வெளியாருக்குக் காட்ட முடியாது என்று எழுத்தர் கையை விரித்தார். 1-ஆம் புத்தகத்தின் அட்டவணையைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்பது பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சென்று சார்பதிவாளரிடமே கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. நீங்களும் வாய்ப்பேச்சில் வாதாடாமல் பிரிவைத் தாளில் கொண்டு செல்லுங்கள்.

பெயர் அட்டவணையிலும் ஒரு பாடம் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் பெயரில் நான்கு பத்திரங்களே கிடைத்தன. நிதியின் பெயரில் தேடத் தொடங்கியதும் நூற்றுக்கு மேல் வந்தன. 1929 வரை அடமானங்கள் வரிசையாக இருக்கின்றன. நெல் விலை விழுந்த பின்பு புதிய கடன்கள் அருகிப் போகின்றன. 1938-க்குப் பிந்தைய செல்லுச் சீட்டுகளை (கடன் தீர்ந்ததற்கான ரசீதுகளை) படித்தபோதுதான் நிதி எப்படி நொடித்தது என்பது எனக்கு விளங்கியது. அந்த ஆண்டு வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு 1937 அக்டோபர் வரை நின்ற வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்தது. உழவர்களுக்கு அது பெரும் விடுதலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிதியில் பணம் போட்டிருந்தவர்கள் முதலையும் வட்டியையும் கேட்டு வாசலில் நின்றார்கள். நிதிக்குத் திரும்பி வந்ததோ முதல் மட்டுமே.

அவர் எழுதிய உயில் பதிவாகியிருப்பதும் தெரியவந்தது. நகல் தர மறுத்தார்கள். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்றார் எழுத்தர். எழுதியவர் இறந்த பிறகு, உயிலின் நகலைக் கேட்பவர் எவராயினும் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 57-ஆம் பிரிவுதான். அதைக் காட்டியதும், அப்படியானால் அவர் இறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டார். கேள்வி நியாயமானது, என்னிடம் விடை இல்லை. எங்கள் ஊர்ப் பதிவேட்டில் 1942 முதல் 1945 வரை இரண்டு நாட்கள் தேடியும் பெயர் இல்லை. இறப்பு நிகழ்ந்த ஊரில்தான் அது பதியப்படும் என்பதை நான் மறந்திருந்தேன். அவர் கடைசி நாட்களில் திருச்சியில் மகள் வீட்டில் இருந்தார் என்பதை என் அத்தை பேச்சுவாக்கில் சொன்னார். திருச்சியில் ஒரே வாரத்தில் சான்று கிடைத்தது.

உயில் மூன்றே பக்கம். வீட்டையும் பாத்திரங்களையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, இன்னும் பணம் திருப்பித் தரப்படாத ஏழு பேரின் பெயரையும் தொகையையும் எழுதி, ‘நிதி கலைந்தாலும் என் வாக்கு கலையவில்லை’ என்று சொல்லி, அந்த ஏழு பேருக்கும் தீர்க்கும் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 1944-ஆம் ஆண்டின் அட்டவணையை மீண்டும் பார்த்தேன். தாத்தா எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் இருந்தது. நஞ்சை நிலத்தை விற்ற பணம் எதற்கு என்ற இடத்தில், ‘எங்கள் தகப்பனார் உயிலில் கண்ட பாக்கிகளைத் தீர்க்கும் பொருட்டு’ என்று எழுதி, அந்த ஏழு பெயர்களையும் வரிசை மாறாமல் சேர்த்திருக்கிறார்கள்.

தன் தகப்பனாரைப் பற்றி ஊரார் சொன்னதைக் கேட்டே வளர்ந்த அத்தைக்கு இப்போது எண்பத்தாறு வயது. பார்வை மங்கிவிட்டதால், முத்திரையிட்ட அந்த நகலை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.