பாத்திக்கும் ஒரு கலிங்கு வேண்டும்

கோத்தகிரியின் மழைக்கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இங்கே, அடியில் தேங்கிய நீரைச் செடிக்கு மேலேற்றும் விக்கிங் பாத்தி கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீலகிரியின் மேற்கே கூடலூரும் பந்தலூரும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து கிடக்க, கிழக்குச் சரிவில் இருக்கும் நாங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கிறோம். தை பிறந்துவிட்டால், கோடை மழை எட்டிப் பார்க்கும்வரை இரவுப் பனியும் பகல் வெயிலுமாக மேல்மண் வறண்டு போகும். ஒரே பாத்தி இந்த இரண்டு காலத்தையும் தாங்கியாக வேண்டும்.

விக்கிங் பாத்தி என்பது ஆஸ்திரேலியரான கொலின் ஆஸ்டின் வறட்சியை மனத்தில் கொண்டு பரப்பிய முறை. அடியில் நீர் கசியாத ஒரு தேக்கம், அதன் மேல் ஒரு துணி, துணிக்கு மேல் மண். மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்புழைகள் வழியே நீர் தானாக மேலேறி வேரைச் சேர்கிறது. மேலிருந்து ஊற்றும்போது ஆவியாகியும் ஓடியும் வீணாகும் நீர் இதில் பெருமளவு மிச்சமாகிறது.

எங்கள் வீட்டுப் பின்புறப் படிமட்டத்தில் உள்ள பாத்தி 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டது. ஹாலோ பிளாக் சுவருக்குள் பழைய சாக்குகளை விரித்து, கல்முனை குத்தாதபடி அதன் மேல் தடித்த பாலித்தீன் தாளை விரித்திருக்கிறோம். அடியில் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்று படுக்கையாகக் கிடக்கிறது. அதிலிருந்து எல்போ வைத்து மேலே வரும் குழாய் வழியாகத்தான் நீர் ஊற்றுகிறோம். அதன் வாயைக் கொசு புகாமல் எப்போதும் மூடி வைக்க வேண்டும். குழாயைச் சுற்றி 20 செ.மீ. உயரத்துக்கு ஜல்லி. ஜல்லிக்கு இடையே ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும் என்று கொண்டால், இந்தத் தேக்கம் சுமார் 230 லிட்டர் நீரைப் பிடிக்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஜல்லியின் இடைவெளிகள் பெரியவை என்பதால் அதன் வழியே நீர் மேலேறாது. தேக்கத்தின் நீர்மட்டம் துணியைவிட்டு இறங்கியதும், கீழே எவ்வளவு நீர் இருந்தாலும் மேலேயுள்ள செடிக்கு அது எட்டாமல் போய்விடும். அதனால் பாத்தியின் நான்கு இடங்களில் ஜல்லியை விலக்கி, துணியைப் பை போலக் கீழே இறக்கி, அதற்குள் மண்ணைக் கெட்டித்து நிரப்பினோம். அடித்தாள்வரை இறங்கும் இந்த மண்கால்கள்தான் கடைசிச் சொட்டுவரை நீரை மேலே கொண்டுவருகின்றன. துணிக்கு மேலுள்ள மண்ணின் உயரத்தை 30 செ.மீ. அளவில் நிறுத்திக்கொள்வதும் இதே காரணத்தால்தான். அதற்கு மேல் நீர் ஏறுவதை நம்ப முடியாது. மட்கிய தொழுவுரத்தை மண்ணில் மட்டும் கலக்க வேண்டும், ஜல்லிக்குள் விழவிடக் கூடாது. காற்றில்லாத நீரில் அது அழுகி நாறும்.

தேக்கத்தின் மேல்விளிம்பில், துணிக்குச் சற்றுக் கீழே, சுவரைத் துளைத்து ஒரு குழாய் வைக்கச் சொன்னபோது, "தண்ணிய உள்ள நிறுத்த இவ்வளவு பாடுபட்டுட்டு, இப்ப ஓட்டை எதுக்குங்க அக்கா?" என்று கொத்தனார் தம்பி கேட்டார். ஏரி நிரம்பினால் மிகுநீரை வெளியேற்றக் கலிங்கு இருக்கிறதே, அதுபோலத்தான் இதுவும். ஐப்பசி மழை விடாமல் பெய்யும் நாட்களில் இந்த வழிகுழாய் அடைத்துக்கொண்டால் நீர் மண்ணுக்குள் ஏறி நின்றுவிடும், வேர் மூச்சு முட்டி அழுகும். ஆகவே வறட்சி நிலத்தில் அரை அங்குலக் குழாய் போதுமானாலும், மலையில் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பேன். உள்வாயில் கம்பிவலை கட்டாயம். அந்த மழை இன்னொரு நன்மையும் செய்கிறது. கீழிருந்து மேலேறும் நீர் உப்புகளையும் மேல்மண்ணில் சேர்த்துவிடும். மேலிருந்து இறங்கும் மழை அவற்றைக் கழுவி வழிகுழாய் வழியே வெளியேற்றுகிறது.

வழியும் நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீலகிரியின் 2009 நவம்பர் நிலச்சரிவுகளை அறிந்த எவரும் மலையில் நீரைப் போக்கின்றி விடமாட்டார்கள். நீரும் மண்ணும் ஜல்லியுமாக ஒரு பாத்தியின் எடை இரண்டு டன்னைத் தாண்டும். அதைப் படிமட்டத்தின் விளிம்பில், தாங்கு சுவரின் தலைமேல் கட்டுவது ஆபத்து. நாங்கள் அதை உள்பக்கம் தள்ளி, வெட்டித் தட்டையாக்கிய கெட்டி நிலத்தில் கட்டி, வழிநீரைக் கல் பதித்த வாய்க்காலில் சேர்த்தோம். தரை மட்டமாக இல்லாவிட்டால் ஒரு முனை சேறாகவும் மறுமுனை வறண்டும் கிடக்கும்.

நம் மலைமண் புளிப்பானது. நடவுக்குச் சில வாரம் முன்பே சுண்ணாம்பு சேர்த்துவிட வேண்டும். நாற்று வேர்பிடிக்கும்வரை மேலிருந்துதான் நீர் தெளிக்க வேண்டும், பிறகு மூடாக்குப் போட்டால் போதும். லெட்யூஸ், செலரி, புரோக்கோலி, நூல்கோல், பீன்ஸ் ஆகியவை இந்தப் பாத்தியில் மாசி வெயிலிலும் வாடாமல் நிற்கின்றன. கேரட்டும் நன்றாகவே வருகிறது. விதை முளைக்கும்வரை மேல்மண் காயாமல் பார்த்துக்கொண்டால் சரி. பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடியில் ஓயாத ஈரம் ஆகாது என்பதால், அவற்றுக்குப் பக்கத்திலேயே சாதாரண மேட்டுப்பாத்தி ஒதுக்கியிருக்கிறேன்.